பாகு முற்றிய எள்ளுருண்டை

அந்த ஆலமரத்தில் எள்ளுருண்டை வேண்டுமென்றால் எல்லோரும் பூவரசியைத்தான் தேடுவார்கள். பள்ளி வயசு தாண்டாத மைனா அவள். அவள் வீட்டில் இதற்குமுன் யாரும் வியாபாரம் செய்ததில்லை.

கிளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்டர் வந்ததும் அவளுக்குக் கால் கிளையில் பாவவில்லை. அந்தப் பரபரப்பில், வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்க்க மறந்துவிட்டாள். பாகு முற்றிப்போனது.

உருண்டையைக் கொத்திப் பார்த்த அவள் தோழி சிட்டுக்குருவி, வலித்த அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டாள். "இது பலகாரமா, கூழாங்கல்லாடி? கூடையை வச்சிட்டுப் பேசாம ஓடி வந்துடு."

மறுபடி செய்ய எள்ளும் இல்லை, நேரமும் இல்லை. கல்யாண வீட்டில் பேர் கெட்டால் நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். ஆனாலும் ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

கூடையைக் கிளியம்மாவின் முன்னால் வைத்தாள். "அத்தை, பாகு முத்திப்போச்சு. கல்லு மாதிரி இருக்கு. வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

கிளியம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடக்கென்று சத்தம் கேட்டது. பூவரசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அடி பொண்ணே, போன தடவை நீ குடுத்தது பஞ்சு மாதிரி இருந்துச்சு. சின்னப் பொண்ணு மனசு நோகுமேன்னு நான் வாயைத் திறக்கலை. எங்க அலகுக்கு இதுதாண்டி பலகாரம்!"

பந்தி முழுக்கக் கடக் முடக்கென்று சத்தம் எழுந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் பூவரசிக்கு உறைத்தது.

"அத்தை, எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க," என்றாள். "உருண்டை மட்டும் வைக்க வேண்டாம்."