அலுமாரிக்குப் பின்னால் ஒரு பென்னி

சிசிலியில், லிபெர்த்தா வீதியிலுள்ள ஒரு பெரிய வீட்டில், கூட்டுவதற்காக அலுமாரியை நகர்த்திய அங்கே வேலைசெய்யும் மன்னார்க்காரி செலஸ்ரீனா குனிந்து ஒரு கனத்த செப்புக் காசை எடுக்கிறாள். யன்னல் வெயிலில் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு பக்கம் ஆங்கில ராசாவின் தலை, மறுபக்கம் சூலத்தோடு கடலோரம் அமர்ந்த பெண், கீழே 1797. வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, தன்னைச் சோதிக்கத்தான் போட்டு வைத்திருக்கிறாவோ? உடனே சிஞ்ஞோராவிடம் கொண்டுபோய் நீட்டுகிறாள். கிழவியின் முகம் வெளிறுகிறது. நெப்போலியனை எதிர்த்து ஆங்கிலப் படை சிசிலியில் தங்கியிருந்தபோது ஏதோவொரு சிப்பாயின் பையில் வந்த பென்னி என்று, செத்துப்போன கணவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த காசு அது. அது காணாமற்போனதால்தான் தொண்ணூற்றிரண்டில், அப்போது இங்கே வேலைசெய்த நாகபூசணியைக் கள்ளி என்று வேலையால் நிற்பாட்டினார்கள். சிஞ்ஞோராவின் கண்கள் சுருங்குகின்றன.

“திருப்பி வைக்கச் சொல்லி அவள்தானே உன்னிடம் தந்தாள்?”

“இல்லை சிஞ்ஞோரா. வந்து பாருங்கோ.”

அலுமாரி நின்ற இடத்தில் தூசி தடித்துக் கிடக்கிறது. அதன் நடுவே, காசின் அளவுக்கு, துப்புரவான ஒரு வட்டம். சிஞ்ஞோராவின் செருப்பு அதைத் தேய்த்தழிக்க மெல்ல நகர்கிறது. செலஸ்ரீனா தும்புத்தடியைக் குறுக்கே வைக்கிறாள்.

“நாகபூசணி அக்காவைக் கூப்பிடப் போறன். அவவும் வந்து பார்க்கட்டும்.”