கோபமில்லாத கன்னம்

அமலோற்பவத்தின் கன்னங்களில் மெல்லிய சிவப்பு நரம்புகள் படர்ந்திருந்தன. அவள் சேலை விற்கும் ஜவுளிக்கடையில், ஊழியர்களின் முகபாவத்தைக் கணிக்கும் கேமரா அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தலைக்கு மேலிருந்த பலகையில் 'கோபம்' என்று காட்டியது.

"அமலக்கா, பலகை மறுபடியும் செவந்துட்டு. இன்னொரு தடவை வந்தா குடோனுக்குத்தான் போவணும்" என்றான் சூப்பர்வைசர் இசக்கிராஜ்.

"நான் கோவப்படல தம்பி. என் மூஞ்சியே இப்படித்தான்."

"அத கேமராகிட்ட சொல்லுங்க."

குடோனில் கமிஷன் கிடையாது. அவள் தோல் டாக்டரிடம் ஓடினாள்.

"பயப்படாதீங்கம்மா, தோலுக்கு அடியில இருக்கிற சின்ன ரத்தக்குழாய்ங்க விரிஞ்சிருக்கு. க்ரீம் தடவினா போகாது, லேசர் வைக்கணும்" என்றார் அவர்.

லேசர் சுருக்சுருக்கென்று சுட்டது. சில வாரங்களில் கன்னம் தெளிந்தது, பலகையும் பச்சையானது.

ஆடித் தள்ளுபடிக்கு வந்த ஒருத்தி அலமாரியிலிருந்த பட்டுச்சேலைகளையெல்லாம் விரிக்கச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் சரியில்ல. நைட்டி எங்க இருக்கு?" என்றாள்.

"நைட்டிக்கா இவ்வளவையும் பிரிக்க வச்சீங்க? எந்திரிச்சுப் போங்க!" என்று கத்திவிட்டாள் அமலோற்பவம்.

வந்தவள் இசக்கிராஜைக் கையோடு கூட்டி வந்தாள். அவன் பலகையை அண்ணாந்து பார்த்தான். 'அமைதி' என்றிருந்தது.

"அக்கா கோவமே படலியே மேடம்."

சும்மா இருந்தபோதெல்லாம் திட்டு வாங்கியவளுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை. "பட்டேன் தம்பி! நெசமாவே கத்தினேன்! இப்பவும் கத்துதேன், காது கேக்கலயா ஒனக்கு?"

இசக்கிராஜ் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"வெளையாடாதீங்கக்கா. மேடத்துக்கு நைட்டியக் காட்டுங்க."