ஜலதோஷ மாத்திரை

சிலந்தியின் கண் தான் கண்டதை மூளைக்குச் சொல்வது ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால். நம் மூக்கை ஒழுகவைக்கிற அதே சரக்குதான். இதைத் தானே படைத்ததுபோல மேடைக்கு மேடை முழங்குவார் பேராசிரியர். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் தாவும் சிலந்திகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஜலதோஷம். உதவியாளர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போனார். ஒரு சிலந்திகூடத் திரும்பவில்லை. பின்னால் வந்த உதவியாளருக்கு மட்டும் அத்தனையும் திரும்பின.

"என்னய்யா இது?"

"ஹிஸ்டமினை அடக்குற மாத்திரைதான் சார். ஆனா முழுங்கினது நீங்க, அதுங்க கண்ணுக்கு என்ன வந்துச்சு?" என்று சிரித்த உதவியாளர், சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். "சார்? எங்க போயிட்டீங்க?"

பேராசிரியர் அவர் மூக்குக்கு நேரேதான் நின்றிருந்தார்.

விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினார். மனைவியும் மகளும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அப்பா இன்னும் வரலையேம்மா. பசிக்குது."

"எங்கயாவது மைக்கைப் பிடிச்சுட்டு நிப்பாரு. வரட்டும்டி, சேர்ந்தே சாப்பிடலாம்."

"இங்கதாண்டி இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மகளின் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் அந்த இடத்தை மெல்லச் சொறிந்துகொண்டாள்.

மனைவி அவருடைய தட்டை எடுத்து, அவருக்கு முன்னால் சரியாக வைத்தாள். பிறகு இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.