தோட்டக்காரர் கொடுத்த நன்கொடை

“கார்டைக் குடு, ரெக்.”

“டீ போடட்டுமா?”

“டீயை உன் முதலாளி கொரொட்கினுக்குப் போட்டுக் குடு. எனக்குக் கார்டு போதும்.”

மாரீன் எங்கள் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர். எண்பத்து நாலில், கென்ட் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில், ரெக்கோடு ஒரு வருடம் பட்டினி கிடந்தவர். ரெக்கின் உறுப்பினர் அட்டையைப் பறித்து வரும் வேலையை வேறு யாருக்கும் விடாமல் தானே கேட்டு வாங்கி வந்திருந்தார்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆளுங்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலிங்ஹமுக்கு நாற்பத்தைந்தாயிரம் பவுண்டு நன்கொடை. கொடுத்தவர் ரெஜினால்ட் டாப்செல், அதாவது ரெக், கொரொட்கின் பண்ணையில் தோட்டக்காரர். போன வாரம் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தியே அதுதான்.

“புல் வெட்டுறவன்கிட்ட அவ்வளவு காசு ஏதுய்யா?” மாரீனின் குரல் ஏறியது. “கொரொட்கின் வெளிநாட்டான். வாக்காளர் பட்டியல்ல அவன் பேர் கிடையாது. கட்சிக்குப் பணம் குடுக்கச் சட்டத்துல இடமில்லை. பட்டியல்ல உன் பேர் இருக்கு. அதை அவனுக்கு இரவல் குடுத்துட்டே!”

“கையெழுத்துப் போடு, இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணுன்னாங்க. வீடு பண்ணையோடது. போட்டேன்.”

“போட்டே. அடுத்த மாசமே என்ன ஆச்சு? வெளிநாட்டுப் பணக்காரங்க சொத்து எங்கேருந்து வந்ததுன்னு காட்டணும்ங்கற சட்டத்தை எதிர்த்து அலிங்ஹம் ஓட்டுப் போட்டான். கொரொட்கினோட உருக்காலையில தொழிலாளிங்க எட்டு மாசம் கூலி இல்லாம கிடந்தாங்களே, அவங்க கூலிதான் இந்தப் பணம். நம்மள மாதிரி ஆளுங்க வயித்துல அடிச்ச காசு, ரெக்! அது உன் பேர்ல போயிருக்கு!”

ரெக் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஓர் உறையையும் வைத்தார்.

மாரீன் உறையைப் பிரித்தார். நாற்பத்தைந்தாயிரம் பவுண்டுக்குக் காசோலை, ரெக்கின் பெயருக்கு.

“என்னய்யா இது?”

“அலிங்ஹம் டிவியில சொன்னாரே, வாங்கினதைக் கொடுத்தவருக்கே திருப்பிட்டேன்னு. காகிதத்துல கொடுத்தவன் நான்தானே?”

வாசலில் கார் வந்து நின்றது. பண்ணை மேனேஜர் பியர்ஸ், பூட்ஸ் சேற்றைத் துடைக்காமல் உள்ளே வந்தார்.

“மிஸ்டர் டாப்செல், ஒரு கவர் தவறுதலா இங்க வந்திருக்கும்.”

“என் பேர் போட்டுத்தான் வந்துச்சு.”

“அது முதலாளியோட பணம்னு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நீங்களும் எழுத்துல சொல்லுங்க. இதோ பேனா. ‘இது கொரொட்கின் பணம், நாங்கதான் தோட்டக்காரன் பேர்ல அனுப்பினோம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.”

பியர்ஸ் பேனாவைப் பார்த்தார். தொடவில்லை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு காலியா இருக்கணும்.”

“இருக்கும். ரோஜாவுக்குத் தண்ணி விட ஆள் பாத்துக்குங்க.”

கார் போனதும் மாரீன் ரெக் பக்கம் திரும்பினார்.

“பைத்தியக்காரா, வீடு போச்சே!”

“பத்திரிகைக்கு எழுதிப் போட்ட அன்னிக்கே தெரியும், போகும்னு.”

“பத்திரிகைக்கு எழுதினது... நீயா?”

“நாலு மாசம் ஆச்சு, தைரியம் வர. ரொம்ப லேட்டுதான். நீ திட்டினதுல ஒண்ணும் தப்பில்லை.”

மாரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அட்டையை ரெக்கின் பக்கமே தள்ளினார்.

“இப்ப என்ன செய்யப்போறே?”

“பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன். காசோலையை ஒப்படைச்சுட்டு, நடந்ததை எழுதிக் குடுக்கப்போறேன்.”

“உன்னையும் சேர்த்து உள்ள வைப்பாங்கய்யா.”

“பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன்தானே, வைக்கட்டும்.” ரெக் டீ போட எழுந்தார். “ஆனா ஒண்ணு சொல்லணும் மாரீன். வாழ்நாள்ல நான் அவங்க கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. இருந்தாலும் அலிங்ஹம் மேல ஒரு மரியாதை வந்துருச்சு. ஊரே பார்க்க நின்னு, தப்புதான்னு ஒத்துக்கிட்டு, ஒரு பென்னி வச்சுக்காம திருப்பிட்டாரு பாரு.”

“அது வாஸ்தவம்தான்,” என்றார் மாரீன், மனமில்லாமல். “டிவியைப் பார்த்து நானே கை தட்டிட்டேன். வெளிய சொல்லாதே.”

தொலைபேசி அடித்தது. சுரங்க வெடிச் சத்தம் ரெக்கின் காதைப் பாதி தின்றுவிட்டிருந்ததால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“மிஸ்டர் டாப்செல்? ரூபர்ட் அலிங்ஹம் பேசறேன். செக் வந்து சேர்ந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“பியர்ஸ் வந்து கேட்டிருப்பாரே. குடுத்துடலையே?”

“இல்லைங்க. குடுக்கலை.”

“அப்பாடா! குடுத்துடாதீங்க. பேசாம உங்க கணக்குல போடுங்க. ரெண்டு வாரம் போகட்டும், இந்தச் சத்தமெல்லாம் அடங்கட்டும். அப்புறம் அதே தொகைக்கு என் பேருக்கு ஒரு செக் எழுதி அனுப்பிடுங்க. இந்தத் தடவை எவனும் வாய் திறக்க முடியாது மிஸ்டர் டாப்செல், இது உழைச்சுச் சாப்பிடற ஒரு பிரிட்டிஷ்காரரோட பணம்!”