வேறு வார்த்தை

"டீச்சர், உங்களுக்கு இன்னைக்கு டிஸ்சார்ஜ்" என்றாள் நர்ஸ் செலின்.

ஆங்கில ஆசிரியையாக இருந்த பூங்கொடிக்கு அது பிடிக்கவில்லை. "சீழ் வடியுறதுக்கும் அதே வார்த்தைதான். வேற சொல்லு."

"ரிலீஸ்?"

"நான் என்ன சினிமாவா?"

"ரிலீவ்?"

"அது டிரான்ஸ்ஃபர் ஆனா சொல்றது."

மனநல வார்டின் இரும்புக் கதவைத் திறந்துவிட்டு, செலின் யோசித்தபடி நின்றாள். சாப்பிட மறுத்த நாட்களிலெல்லாம் தனக்குச் சோறு ஊட்டிய அவள் கையை, பூங்கொடி சற்று நேரம் பிடித்திருந்தாள். பிறகு வெளியே கால் வைத்து, பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேன்" என்றாள்.

"வராதீங்க டீச்சர்."

பூங்கொடி திரும்பிப் பார்த்தாள். செலினுக்குக் கண் கலங்கியிருந்தது. வகுப்பில் சொல்வதைப் போலவே, "இப்போ சரியாச் சொன்னே" என்றாள்.