வயிற்றுக் கட்டு

அமுதவல்லியின் தொங்கிய வயிற்றை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தையலுக்கு மேல் பெல்ட் கட்டிவிடுவது கணவர் தணிகைவேல்தான். "இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமாடி தங்கம்?" என்று ஆசையாகக் கேட்பார்.

மூன்று பிள்ளைப்பேற்றிலும், வயிறு சரியாதிருக்கப் பழம்புடவை சுற்றிக் கட்ட ஆளில்லாமல் இவரைத்தான் கூப்பிட்டாள். "ச்சீ, அது பொம்பளைங்க வேலை" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாளில் அந்த வயிற்றைப் பார்த்து முகம் சுளித்ததும் இதே மனிதர்தான், பாருங்கள்.

இன்று கட்டி முடித்துத் தள்ளி நின்று ரசித்தார்.

"நிமிர்ந்து நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்."

"தையல் இழுக்குதுங்க. நிமிர முடியல."

"சரி, குனிஞ்சே நில்லு. மூஞ்சி வேணாம், வயிறு மட்டும் போதும்."

அமுதவல்லியின் விரல்கள் பெல்ட்டைப் பிரிக்க அதன் ஒட்டு முனையைத் தேடிப் பிடித்தன.