குடும்பத்துப் படிகம்

“இந்தப் பல்லு எப்படிப் போச்சுன்னு உமக்குத் தெரியுமா?” ஹார்ட்விக் லூடர்சன் மேலுதட்டைத் தூக்கித் தங்கப் பல்லைக் காட்டினார்.

“ஏதாவது சண்டையிலயா?” என்றார் ஓபர்மையர்.

“மரியாதையில.”

ஆய்வகத்தில் மூன்றே பேர். எண்பத்திரண்டு வயதிலும் கழுத்துப்பட்டியை ஒரு விரற்கடை தளர்த்தாத ஹார்ட்விக். அவருக்குப் பின் துறையை நடத்தும் இம்கே. பவேரியாவிலிருந்து வம்புக்கென்றே வந்திருந்த ஓபர்மையர். அவர்களுக்கு நடுவே மேசைமேல், வாய் மூடிய கண்ணாடிக் குழாய்க்குள், பட்டாணி அளவில் நிறமில்லாத ஒரு படிகம்.

தோரியம் ஃபுளோரைடு. கதிர்வீசும் உப்பு, தண்ணீரில் கரையாது. 1964-இல் ஹபெனா தன் கையால் வளர்த்தது.

ஹபெனா, ஹார்ட்விக்கின் பட்டத் தகப்பனார். முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரை அந்த ஊரில் தகப்பன் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இம்கே, ஹார்ட்விக்கின் மகள். பெற்ற பிள்ளைகள் இல்லாததை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. இந்தக் குடும்பத்தின் பேரில் ஒரு சொல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

சொல் விழுந்துவிட்டது. ஹபெனா கண்ட படிகக் கட்டமைப்பில் சாய்கோணம் அரை டிகிரி தப்பு என்று ஓபர்மையர் கட்டுரை எழுதிவிட்டார். ஐம்பத்தெட்டு வருடம் யாரையும் தொடவிடாமல் பூட்டி வைத்திருந்த குழாயை ஹார்ட்விக் வெளியே எடுத்தது அதனால்தான்.

“உம்ம கண்ணு முன்னாலேயே இம்கே உடைச்சு அளக்கட்டும். கோணம் சரியா இருந்தா, கட்டுரைய நீரே வாபஸ் வாங்கணும்.”

“தப்பா இருந்தா?”

“வாசல்ல இருக்கிற ஹபெனாவோட பேர்ப்பலகைய நானே கழட்டறேன்.”

“புரொஃபஸர், ஏணி ஏறுற வயசா உங்களுக்கு? சும்மா இருங்க,” என்றாள் இம்கே.

“நீ எக்ஸ்-ரே இயந்திரத்தைப் பாரு.”

ஓபர்மையர் நாற்காலியில் சாய்ந்தார். “அது தயாராகிற வரைக்கும் பல்லு கதைய முடிங்க.”

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கேட்டு இம்கேவுக்கு அது மனப்பாடம். ஹார்ட்விக் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“இந்தக் குழாய ஹபெனா மூடின நாள் அது. மூணு நாளாத் தூக்கமில்ல மனுஷனுக்கு. கண்ணு சொருகுது. ஆனாலும் டீ குடிக்காம விடுவாரா? கிழக்கு ஃப்ரீஸியாக்காரராச்சே, எங்க ஊர்ல டீதான் சாமி. இதே மேசையிலதான்.”

“உங்க ஊர்க்காரங்க டீக்கு நடுவுல கொஞ்சம் ரசாயனமும் பாப்பாங்கன்னு கேள்வி.”

“பீர் வாசனைய ஊரிலேயே விட்டுட்டு வந்திருக்கலாம் நீர். கேளும். கோப்பையில கற்கண்டு போட்டு, கொதிக்கிற டீய ஊத்தினா படபடன்னு வெடிக்கும். எங்களுக்கு அதுதான் சங்கீதம். அன்னிக்கு எனக்கு அதுகூடக் காதுல விழல, அவ்வளவு களைப்பு. கலக்கக் கூடாது, அதுவும் எங்க வழக்கம். மூணு கோப்பை குடிச்சார், அதே ஒரு கல்லு. சிக்கனம்! அடியில மிச்சம் கிடந்தத ஸ்பூன்ல எடுத்து, ‘நீயும் உழைச்சிருக்கே, இந்தா’ன்னு என் கையில வெச்சார். அவர் குடுத்தத வேணாம்னு சொல்ல முடியுமா? கடிச்சேன். பல்லு உடைஞ்சுது. முழுங்கிட்டேன்.”

“பல்லையா?”

“ரெண்டையும்.”

குழாய் உடைந்தது. இம்கே கையுறை போட்ட கையால் கதிர் அளக்கும் கருவியைப் படிகத்தின் பக்கத்தில் கொண்டுபோனாள். கதிர் இருந்தால் டிக் டிக்கென்று தட்ட வேண்டிய கருவி மூச்சே விடவில்லை.

“சத்தமே காணோமே, புரொஃபஸர்?”

“நம்ம குடும்பத்துல யாரும் சத்தம் போட்டுப் பேசறதில்ல.”

அவள் ஒரு துணுக்கை உடைத்து, ஊசிமுனையில் ஒட்டி, இயந்திரத்துக்குள் வைத்தாள். எக்ஸ்-கதிர் பாய்ந்தது. சில நிமிடங்களில் திரையில் எண்கள் வந்தன.

“சாஞ்ச பெட்டி வடிவந்தான்,” என்றாள்.

“பாத்தீரா!”

“கோணம் நூத்திமூணு.”

ஹபெனா சொன்னது நூற்று இருபத்தாறு. ஓபர்மையர் சொன்னது நூற்று இருபத்தாறரை. ஹார்ட்விக் ஒரு கணம்தான் தடுமாறினார். “அப்ப நீரும் தப்பு!” என்று கைத்தடியைத் தரையில் தட்டினார்.

இம்கே படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு தோரியத்தையும் சுற்றி எட்டு ஃபுளோரின் நிற்க வேண்டும். ஒரு சதுரத்தின்மேல் இன்னொரு சதுரத்தைத் திருப்பி வைத்ததுபோல. திரையில் தோரியமும் இல்லை, ஃபுளோரினும் இல்லை.

“கார்பன் பன்னிரண்டு,” என்று மெதுவாக எண்ணினாள். “ஆக்சிஜன் பதினொண்ணு.”

ஓபர்மையர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “சர்க்கரை! ஐயோ, ஐம்பத்தெட்டு வருஷமா கற்கண்டப் பூட்டி வெச்சுக் கும்பிட்டிருக்கீங்க! பலகையக் கழட்டத் திருப்புளி எங்க இருக்கு? நானே எடுத்துட்டு வரேன்!”

“வாய மூடும்!” ஹார்ட்விக்கின் கழுத்து சிவந்தது. “யாரோ மாத்திட்டாங்க. அவர் இத மூடும்போது நான் பக்கத்துலயே நின்னேன். மேசைமேல வேற ஒண்ணுமே கிடையாது. படிகம் ஒண்ணு, கற்கண்டு ஒண்ணு…”

அவர் நாக்கு தங்கப் பல்லைத் தடவியது.

இம்கே சிரிக்கவில்லை. கதிர் அளக்கும் கருவியைக் கையில் எடுத்தபடி, அவருடைய தங்கப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புரொஃபஸர், அப்ப அன்னிக்கு நீங்க முழுங்கினது எது?”